பத்தோடு பதினொன்றாகாமல் இருக்க: பெங்களூரு ப்ரூவரிகள் தனிமுகம் தேடும் கதை

சர்ஜாபூர் சாலையிலும் அதைச் சுற்றியும் இருக்கும் நான்கு ப்ரூவரிகளுக்கு (கடையிலேயே பியர் காய்ச்சி ஊற்றும் பப்கள்) ஒரே வாரத்தில் போய், அவற்றின் பியர் பட்டியலை எழுதி எடுத்து வந்தேன். நான்கு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துக் கடைப்பெயர்களைக் கையால் மறைத்தேன். எது எந்தக் கடை என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. ஜெர்மன் பாணி கோதுமை பியர் ஒன்று, ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட பெல்ஜியன் விட் ஒன்று, லேசான பொன்னிற பியர் ஒன்று, கசப்பான ஐ.பி.ஏ. ஒன்று, கறுப்பு ஸ்டௌட் ஒன்று, ஆப்பிள் சைடர் ஒன்று, கடைசியில் 'இந்தப் பருவத்துக்கு மட்டும்' என்று மாம்பழமோ வேறு பழமோ. வரிசைகூட மாறவில்லை.

உணவகங்களுக்கும் பப்களுக்கும் செலவுக் கணக்குப் பார்த்து மெனு விலை போட்டுக் கொடுப்பது என் தொழில். நகரின் தென்கிழக்கு ஓரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ப்ரூவரி, எட்டாவது மாதத்தில் என்னைக் கூப்பிட்டது. பெயர் இங்கே வேண்டாம். திறந்த முதல் மூன்று மாதம் வாசலில் வரிசை. ஆறாவது மாதத்தில் அரைக் கூட்டம். எட்டாவது மாதம் செவ்வாய்க்கிழமை இரவு நான் போனபோது, பெரிய கூடத்தில் ஒன்பது மேசைகளில்தான் ஆள் இருந்தார்கள். உரிமையாளர் என்னிடம் கேட்ட கேள்வி: "சார், நம்மகிட்ட என்ன குறை?" சாப்பாட்டில் குறை இல்லை, சேவையில் குறை இல்லை. ஆனால் 'இதுக்காகத்தான் அங்கே போகணும்' என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒன்றைத் தேடிய ஒன்றரை வருடத்தின் கதை இது. ஆனால் ஒரு கடையின் கதையாக மட்டும் இதைச் சொன்னால் பாதிதான் புரியும். ஊரின் கதையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

பியர் தெரிந்த ஊர்

பெங்களூருக்கும் பியருக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த ஐந்து பியர் ஆலைகளை ஒன்று சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். அந்த ஐந்தில் நீலகிரி ஆலையும் ஒன்று என்பதை நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். கிங்ஃபிஷர் அந்த வீட்டுப் பிள்ளை. 1980-களின் கடைசியில் நகர மையத்தில் பப்கள் முளைத்து, 'பப் நகரம்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஆகவே கடையிலேயே பியர் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இங்கே வந்தபோது, குடிக்கிறவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

புனேயில் 2009-லேயே டூலலி என்ற ப்ரூவரி வந்துவிட்டது. (நாசிக் பக்கத்து தேவ்லாலி ராணுவ முகாமில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து சித்தம் கலங்கிய சிப்பாய்களைக் குறிக்க ஆங்கிலேயர்கள் உண்டாக்கிய சொல் அது. ஒரு பியர் கடைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைப்பது கஷ்டம்.) பெங்களூரில் 2011-ல் பியர் கிளப் திறந்தது. நகரின் முதல் மைக்ரோ ப்ரூவரி, அதாவது கடைக்குள்ளேயே காய்ச்சும் சிறு ஆலை, என்று அதைத்தான் சொல்வார்கள். அதே காலத்தில் இந்திராநகர் 100 அடி சாலையில் டாய்ட். 2012-ல் ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ், அதே ஆண்டின் கடைசியில் மக்ரத் சாலையில் ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி. அதற்கப்புறம் கோரமங்களா, ஜே.பி. நகர், ஹென்னூர், மாரத்தஹள்ளி, சர்ஜாபூர் என்று மழைக்கு முளைத்தது போல வந்தன. இன்று நகரில் எழுபதுக்கும் மேல்.

எழுபது கடையில் ஒன்றாக இருப்பது துணிக்கடைக்கோ பிரியாணிக் கடைக்கோ புதிதில்லை. ப்ரூவரிக்கு மட்டும் இரண்டு விசேஷக் கட்டுகள் உண்டு. இவை புரியாமல்தான் புதிதாக வருகிறவர்கள் கோடிகளைக் கொட்டுகிறார்கள்.

பியர் கடையை விட்டு வெளியே வராது

முதல் கட்டு சட்டம் போட்டது. கர்நாடகத்தில் மைக்ரோ ப்ரூவரி உரிமத்தில் காய்ச்சிய பியரை அந்த இடத்திலேயே குடிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து அடுத்த தெருக் கடையில் வைக்க முடியாது. வீட்டுக்குப் பார்சல் கிடையாது. இந்த விதி தளர்ந்து நான் பார்த்தது 2020-ல்தான். ஊரடங்கில் டேங்குகளில் பியர் வீணாகிக் கிடந்தபோது, கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் கலங்களில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வாங்கிப்போகக் கொஞ்ச காலம் விட்டார்கள். எவர்சில்வர் தூக்குவாளியோடு மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவரை இன்னும் நினைவிருக்கிறது. பால் பூத் வரிசை மாதிரியே இருந்தது.

இந்த விதியில் எல்லோரும் பார்ப்பது வியாபார இழப்பை. நான் பார்ப்பது வேறு. பியர் வெளியே வராததால், இரண்டு ப்ரூவரிகளின் பியரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு வழியே இல்லை. ஒரு கடையின் கோதுமை பியரைக் குடித்துவிட்டு, சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, அடுத்த கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாக்கு பழையதை மறந்துவிடும். வேறு எதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்? படங்களை. கூரையை, விளக்கை, மரத்தை, தண்ணீர்த் தொட்டியை. கைப்பேசியில் ஒரே நிமிடத்தில் பத்து ப்ரூவரிகளின் உள்ளலங்காரத்தை ஒப்பிட்டுவிடலாம். மது விளம்பரத்துக்கும் நம் நாட்டில் தடை. ஆக, ஒப்பிடக் கிடைப்பது எதுவோ அதில்தான் போட்டி நடக்கும். பெங்களூரில் ப்ரூவரிப் போட்டி பியரை விட்டுச் சதுர அடிக்குப் போனதற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது கட்டு டேங்க். 500 லிட்டர் டேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோதுமை பியர் காய்ச்சிய நாளிலிருந்து இரண்டு வாரத்தில் குவளைக்கு வந்துவிடும். அதன் ஈஸ்ட் மிதமான சூட்டில் வேகமாக வேலை செய்யும், கலங்கலாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட்டே கொடுத்துவிடும். லாகர் என்ற தெளிந்த பியர் வகை அப்படி இல்லை. குளிரில் மெல்லப் புளித்து, பிறகு உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே வாரக்கணக்கில் கிடந்து தெளிய வேண்டும். ஐந்து வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு அந்த டேங்க் பத்து முறைதான் சுற்றும்: 5,000 லிட்டர். அதே டேங்க்கில் கோதுமை பியர் போட்டால் 26 முறை, 13,000 லிட்டர். நகர வாடகையில் உட்கார்ந்துகொண்டு, டேங்க்குக்கு இடமும் குளிரூட்டலும் காசு கொட்டி வாங்கிய ஒருவர் எதைப் போடுவார்? நான்கு தாள்களிலும் ஒரே வரிசை வந்ததற்குக் காரணம் பியர் காய்ச்சுகிற ப்ரூவர்களின் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை இந்தக் கணக்குதான் மாற்றியது.

ஒரே கேள்விக்கு ஊர் சொன்ன பதில்கள்

விண்ட்மில்ஸ் புத்தகத்தையும் ஜாஸையும் பிடித்தது. கட்டடக் கலைஞர் கமல் சாகரின் டோட்டல் என்விரான்மென்ட் நிறுவனத்திலிருந்து வந்த கடை அது. சுவர் நிறையப் புத்தகம், கச்சேரி அரங்கு. பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸ் வரை போனார்கள். அந்த இடத்தை ரசிக்கிறவர்கள் பியர் பிடித்ததால் மட்டும் போகிறவர்கள் இல்லை. அதே சமயம் பியரும் சோடை போகவில்லை. இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் பொறுமை எல்லோருக்கும் வராது.

அளவைப் பிடித்தவர்கள் உண்டு. ஹென்னூரில் பிக் ப்ரூஸ்கி திறந்தவெளியும் நீர்நிலையுமாக ஒரு சிறு ஊர் போலவே அமைத்தது. மாரத்தஹள்ளியில் அயர்ன்ஹில் 1,30,000 சதுர அடி, 1,800 இருக்கைகள், உலகிலேயே பெரிய மைக்ரோ ப்ரூவரி என்ற அறிவிப்போடு வந்தது. அளவில் போட்டியிடுகிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. அடுத்த வருடம் இன்னும் பெரிதாக ஒருவர் வருவார். நான் கணக்குப் பார்த்த கடைக்கு நேர்ந்ததும் இதுவே. கூடத்தின் நடுவில் ஒரு செயற்கை மரம் வைத்திருந்தார்கள், விளக்குச் சரம் தொங்கும் பெரிய மரம். எல்லோரும் அதன் கீழ் நின்று படம் எடுத்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இன்னும் பெரிய மரத்தோடு இன்னொரு கடை திறந்ததும் படம் எடுக்கிறவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

ஆர்பர் வேறு வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த கௌரவ் சிக்கா, ஆன் ஆர்பர் நகரில் மேட் கிரெஃப், ரெனே கிரெஃப் தம்பதி நடத்திய ப்ரூவரியின் பெயரையும் முறையையும் இங்கே கொண்டுவந்தார். அமெரிக்கக் கசப்பை அஞ்சாமல் ஊற்றியது அந்தக் கடை. 'ரேஜிங் எலிஃபன்ட்' என்ற ஐ.பி.ஏ.யைக் குடித்து முகத்தைச் சுளித்தவர்களையும், அதற்காகவே நகரைக் கடந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்படி முகம் சுளிக்க வைக்கும் துணிச்சல் புதுக்கடைகளில் குறைவு. பிறகு கோவாவில் கேனில் அடைத்து விற்கும் தொழிலுக்கும் போனார்கள்.

கேனுக்கும் பாட்டிலுக்கும் போவது என்றால் அது வேறொரு காடு. 2015-ல் அங்கூர் ஜெயின் தொடங்கிய பிரா 91 பியரை எல்லோருக்கும் தெரியும். முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சிக் கொண்டுவந்து விற்றார்கள். நம் ஊரில் சாதாரண ஆள் 'வீட் பியர்' என்று கேட்டு வாங்கப் பழகியதில் அதன் லேபிளில் இருக்கும் குரங்குப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நிறுவனம் தன் சட்டப்பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை எடுத்தபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளை மறுபடி பதிவுசெய்ய வேண்டி வந்து, சில மாதங்கள் விற்பனையே நின்றது. ஒரு சொல்லுக்கு அந்த விலை. மாநிலத்துக்கு மாநிலம் தனி கலால் சட்டம் உள்ள நாட்டில், சின்னக் கடைக்காரர் அந்தக் காட்டுக்குள் கால் வைக்குமுன் நூறு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த பதில் கைஸ்ட் என்ற பியர் நிறுவனம் சொன்னது. அவர்களும் முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சியவர்களே. பிறகு பழைய மெட்ராஸ் சாலையில், மைக்ரோ ப்ரூவரி உரிமத்தில் அல்லாமல், சொந்த ஆலை போட்டு, பெரிய கூடம் கட்டி ஆளைக் கூப்பிடுவதற்கு முன், மற்ற பப்களுக்குக் கெக் என்ற எஃகு உருளையில் பியர் அனுப்பினார்கள். ஒரே பப்பில் அவர்கள் பியரும் கிங்ஃபிஷரும் பக்கத்துப் பக்கத்து டேப்பில் (பியர் ஊற்றும் குழாயில்) வந்தன. ஒப்பிட முடியாத ஊரில் ஒப்பிட ஒரு வாசலைத் திறந்தார்கள் அவர்கள். இதற்குத் தைரியம் வேண்டும், ஏனென்றால் அங்கே மரமும் இல்லை, விளக்கும் இல்லை, குவளை தனியாகத்தான் பேச வேண்டும்.

டாய்ட்டைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள். டின்டின் டாய்ட், டாய்ட் வைஸ், பாஸ்மதி ப்ளாண்ட் என்று பெயர் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர்கள் அங்கே உண்டு. 'ஒரு பியர் குடுங்க' என்று கேட்கிறவருக்கும் 'ஒரு பாஸ்மதி குடுங்க' என்று கேட்கிறவருக்கும் உள்ள தூரத்தில்தான் இந்தத் தொழிலின் லாபம் இருக்கிறது. முதலில் வந்ததன் பலன் அது என்பார்கள். பாதி உண்மை. முதலில் வந்த எல்லோரும் அப்படி நிற்கவில்லையே. போன வருடம் குடித்த அதே ருசி இந்த வருடமும் இருப்பதுதான் அங்கே நான் கண்டது.

நம் பக்கம் புதுச்சேரியிலும் ஒன்று உண்டு, கட்டமரன் ப்ரூயிங் கம்பெனி. உலகம் முழுக்கப் போய்த் திரும்பி வந்த நம் 'கட்டுமரம்' என்ற சொல்லைப் பெயராக வைத்தார்கள். கடற்கரை ஊருக்கு அந்தப் பெயர் பொருந்திப் போகிறது.

வெண்ணெய் வாசனை

இனி என் கடைக்கு வருகிறேன். நான் 'என் கடை' என்று சொல்வது உரிமையால் இல்லை, ஒன்றரை வருடம் அங்கே கிடந்த பாசத்தால்.

போன முதல் வாரத்திலேயே ஒரு சண்டைக்கு நடுவில் மாட்டினேன். ப்ரூவர் சேலத்துக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். பொன்னிற பியர் டேங்க்கிலிருந்து ஒரு சின்னக் கிளாஸில் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, மோந்து பாருங்க."

மோந்தேன். தியேட்டரில் பாப்கார்ன் வாங்கும்போது வருமே, அந்த வெண்ணெய் வாசனை.

"ஈஸ்ட்டு இன்னும் வேலைய முடிக்கலண்ணே. இத அதுவே உண்டாக்கும், கடைசில அதுவே தின்னு தீத்துரும். மூணு நாள் விட்டா போயிரும். சார் இன்னிக்கே டேப்ல போடச் சொல்றாரு."

உரிமையாளர் பின்னாலேயே நின்றார். "தம்பி, நாளைக்கு சனிக்கிழமை. டேப் காலியா இருந்தா வர்றவங்ககிட்ட என்ன சொல்றது? யாருக்குத் தெரியப்போகுது இந்த வாசனை எல்லாம்?"

டேப்பில் போட்டார்கள். சனிக்கிழமை அது விற்றும் தீர்ந்தது. உரிமையாளர் சொன்னது சரிதான், யாரும் வெண்ணெய் வாசனை என்று புகார் சொல்லவில்லை. நான் பில் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். அந்தப் பியரை வாங்கிய மேசைகளில் பெரும்பாலானவை முதல் குவளைக்குப் பிறகு வேறொன்றுக்குத் தாவியிருந்தன. பலர் காக்டெயிலுக்கு, சிலர் பாட்டில் பியருக்கு. மற்ற வாரங்களின் தாள்களில், அதே பியரை இரண்டாவது முறை வாங்கிய மேசைகள் கணிசமாக இருந்தன. வாயால் யாரும் குறை சொல்லவில்லை. கையைத்தான் மாற்றிக்கொண்டார்கள். குறை சொல்கிற வாடிக்கையாளரால் நன்மை உண்டு, திருத்திக்கொள்ளலாம். பேசாமல் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகிறவர்தான் நம்மை மூடவைக்கிறவர். அந்தத் தாள்களை உரிமையாளர் முன் வைத்தபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நல்ல மனிதர். கடன் அழுத்தம் அவரை அப்படிப் பேச வைத்தது.

'செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா' என்று என் பாட்டி கேட்பாள். அன்று முதல் நாங்கள் மூவரும் சரக்கைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தோம்.

எட்டு டேப்பை ஐந்தாக்கினோம். மாம்பழப் பியர் போனது. சைடர் போனது. உரிமையாளருக்கு நம் ஊர் அடையாளத்தோடு ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சீரகச் சம்பா அரிசியில் பியர் போடலாம் என்றார். பட்டியலில் எழுதினால் தமிழர்கள் தேடி வருவார்கள் என்பது அவர் எண்ணம். ப்ரூவர் தயங்கினான். அரிசி சேர்த்தால் பியர் லேசாகும், தெளிவாக முடியும், அதெல்லாம் நிஜம். ஆனால் பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது ஆளைத் தூக்குமே அந்த வாசனை, அது ஒரு மணி நேரக் கொதியில் ஆவியோடு பறந்துவிடும் என்றான். "பேர போட்டுட்டு வாசனை இல்லன்னா நம்மள பொய்யன்னு நெனப்பாங்க சார்."

ஆனாலும் செய்து பார்த்தார்கள், அந்த நாள் நான் இருந்தேன். அதிகாலை ஐந்தரை மணி. மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லியை) ஊறவைக்கும் 65 டிகிரிச் சூடு அரிசிக்குப் போதாது, அது குழைய இன்னும் சூடு வேண்டும். அதனால் சமையலறையின் பெரிய அண்டாவில் அரிசியைத் தனியாகக் குழையக் குழைய வேகவைத்தார்கள். பெரிய கரண்டியோடு சமையல்காரர் கிண்ட, ப்ரூவர் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கல்யாண வீட்டு அடுப்படி மாதிரி இருந்தது. கொதிக்கும் கஞ்சியை வாளி வாளியாகத் தூக்கி மால்ட் தொட்டியில் ஊற்றினார்கள். அரை மணி கழித்து எடுத்த சாறு தேன் மாதிரி இனித்தது. வடித்த சக்கையை வழக்கம்போலப் பக்கத்துக் கிராமத்து மாட்டுக்காரர் டிராக்டரில் வந்து அள்ளிப் போனார்.

ஐந்து வாரம் கழித்துக் குடித்தோம். சீரகச் சம்பா வாசனை இல்லை. ப்ரூவர் சொன்னபடியே. ஆனால் பளிங்கு மாதிரி சுத்தமான பியர். நாக்கில் கனமே இல்லை, கடைசியில் லேசான உலர்ந்த கசப்பு, உடனே அடுத்த வாய் கேட்டது. என்ன பெயர் வைப்பது என்று வாதம் நடந்தது. கடைசியில் உரிமையாளரே சொன்னார்: "அரிசி லாகர்னு போடுங்க. இருக்கிறத எழுதுவோம்." வெண்ணெய் வாசனைப் பியரை டேப்பில் போடச் சொன்ன அதே மனிதர். எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்தது.

இரண்டு சின்ன கிளாஸ்

நல்ல பியர் வந்துவிட்டது. ஆனால் பழைய பிரச்சினை அப்படியே இருக்கிறது. வாடிக்கையாளரால் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதவருக்கு 'இது நல்ல லாகர்' என்று நூறு முறை சொன்னாலும் அது விளம்பர வாசகம்தான்.

யோசனை ப்ரூவருடையது. வெளிக்கடைப் பியரோடு ஒப்பிட முடியாவிட்டால் என்ன, நம் பியரை நம் பியரோடே ஒப்பிடலாமே என்றான். லாகருக்கு இரண்டு டேங்க் ஒதுக்கிக் காய்ச்சும் நாளை மூன்று வாரம் தள்ளி வைத்தான். ஒன்று குடிக்கத் தயாராகி டேப்பில் இருக்கும்போது, இன்னொன்று பாதி வழியில் இருக்கும். மேசைக்கு ஒரு சிறு பலகையில் இரண்டு சின்ன கிளாஸ் போகும், காசு வாங்காமல். ஒன்றில் இரண்டு வாரப் பியர்: மங்கல், முட்டை அவிந்தது போல லேசான கந்தக வாசனை, முனை மழுங்காத முரட்டு ருசி. மற்றதில் ஐந்து வாரப் பியர். பரிமாறுகிறவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவார்: "ரெண்டும் ஒரே பியர் சார், நடுவுல மூணு வாரம்தான் வித்தியாசம்."

முதல் நாள் ஒரு மேசையைத் தள்ளி நின்று பார்த்தேன். ஐ.டி. வேலை பார்க்கும் நான்கு பேர். ஒருவர் இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு மற்றவரிடம் நீட்டினார். "டேய், இதக் குடி. இப்ப இதக் குடி." அந்த மேசையில் அடுத்த இருபது நிமிடம் பேச்சு பியரைப் பற்றி. எட்டு மாதத்தில் அந்தக் கூடத்தில் நான் கேட்டிராத பேச்சு அது. யாரும் மரத்தைப் பார்க்கவில்லை.

இதற்காகப் பரிமாறுகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டியிருந்தது. அவர்களில் பாதிப் பேர் குடிப்பழக்கம் இல்லாதவர்கள், அவர்களைக் குடிக்கச் சொல்லவில்லை. மோந்து பார்க்கச் சொன்னோம், மால்ட்டையும் பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் கையில் கசக்கிப் பார்க்க வைத்தோம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஹாப்ஸை மோந்துவிட்டு "நார்த்தங்கா இலை மாதிரி இருக்குங்க சார்" என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே மேசையில் சொல்லச் சொன்னோம். தமிழ் மேசைகளில் அது சொன்னவுடன் புரிந்தது. வெளிநாட்டுப் பழங்களின் பெயர்களை அடுக்கிய பழைய மெனுவுக்கு அந்தச் சக்தி இருந்ததில்லை.

நுழைவாயிலில் ஒரு கரும்பலகை வைத்தோம். ஒவ்வொரு டேங்க்கிலும் என்ன இருக்கிறது, என்று காய்ச்சியது, என்று குடிக்கலாம் என்று சாக்பீஸில். அதை எழுதும் உரிமை ப்ரூவருக்கு மட்டும். அந்தத் தேதியை முன்னால் இழுக்க உரிமையாளருக்கும் அனுமதி இல்லை என்று அவரே ஏற்றுக்கொண்டார். டேப் காலியானால் 'வியாழக்கிழமை வரும்' என்று எழுதிப் போட்டோம். காலி டேப்பைப் பார்த்து ஆட்கள் திரும்பிப் போவார்கள் என்று முதலில் பயந்தோம். சிலர் போனார்கள்.

கணக்கில் என்ன ஆனது? சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய கடைகளோடு இன்றும் இந்தக் கடையால் போட்டியிட முடியவில்லை, இனியும் முடியாது. லாகருக்கு ஒதுக்கிய இரண்டு டேங்க்கால் ஊற்றும் லிட்டர் குறைந்தது, அது மாதா மாதம் என் தாளில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. மறுபக்கம், சாக்கடைக்குப் போகும் பியர் மிகவும் குறைந்தது. எட்டு டேப் இருந்தபோது விற்காமல் பழசாகிக் கொட்டியது என்னவென்று பார்த்தால் வயிறு எரியும். செவ்வாய், புதன், வியாழன் மேசைகள் நிறையத் தொடங்கின, அதுவும் அதே முகங்களால். வாடகைக்கு வார நாள் வியாபாரம்தான் கைகொடுக்கும், வார இறுதி எல்லாக் கடைக்கும் வரும். 2024 மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, டேங்கர் விலை ஏறி, காய்ச்சும் நாட்களை இவர்களும் குறைத்தார்கள். கரும்பலகையில் அதையும் எழுதிவைத்தார்கள். அந்த முகங்கள் அப்போதும் வந்தன.

செயற்கை மரத்தைப் போன தீபாவளிக்கு முன் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னொரு லாகர் டேங்க் நிற்கிறது, கூடத்தின் நட்டநடுவில், குளிர்ந்த எஃகில் ஈரம் பூத்தபடி.

கடைசியாகப் போனது ஒரு புதன்கிழமை. ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி கரும்பலகை முன் நின்றிருந்தார்கள். 'டேங்க் 4, அரிசி லாகர், இன்னும் 11 நாள்' என்று எழுதியிருந்தது. கணவர் விரல் விட்டு எண்ணினார். "ஞாயித்துக்கிழம வருதும்மா" என்றார். அந்த அம்மா கைப்பேசியில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார். ப்ரூவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்து 11-க்குப் பக்கத்தில் 'அல்லது 12' என்று சேர்த்தான்.